வேலப்பன் பார்க்காத சுவர்

ஒரு மனிதர் நூற்றுக்கணக்கான கட்டடங்களுக்குப் பொறுப்பேற்றுக்கொண்டு, அவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் காலம் தள்ளுவதற்கு எவ்வளவு மனக்கட்டுப்பாடு வேண்டும் என்பதைச் சாதாரண ஜனங்கள் உணர்வதில்லை. மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தா போன்ற சிறிய ஊரில் அது இன்னும் கடினம். காலையில் தேநீர்க் கடைக்குத் தே குடிக்க இறங்கினால் இடப்பக்கம் தாம் கையெழுத்திட்ட கடை, வலப்பக்கம் தாம் கையெழுத்திட்ட மாடி. பொறியாளர் வேலப்பன் இரண்டு பக்கமும் திரும்பாமல் ரோட்டை மட்டும் பார்த்து நடப்பார். ரோட்டுக்கு அவர் கையெழுத்திடவில்லை.

அந்தப் பெருமகனாரின் வாழ்க்கையை யாராவது எழுதிவைக்க வேண்டும். எழுதுவதற்குத் தகுதியுள்ளவர்கள் எல்லோரும் மரியாதை கருதி ஒதுங்கிக்கொண்டதால், மரியாதை குறைந்தவர்கள் தலையில் அது விழுந்திருக்கிறது.

வேலப்பன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தகப்பனார் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர். கொழுந்து நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் நின்று, முள்ளைப் பார்த்துப் பார்த்து எடை எழுதியே கண் மங்கிப்போனவர். மகன் எதையும் பார்க்காமலே எழுதினார். ஒரே தலைமுறையில் ஒரு குடும்பம் இவ்வளவு தூரம் முன்னேறியது தோட்டத்தில் அதற்கு முன் நடந்ததில்லை.

தகப்பனார் காசு சேர்த்து மகனை இந்தியாவுக்கு அனுப்பிப் பொறியியல் படிக்கவைத்தார். மகன் நன்றாகவே படித்தார். இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். வேலப்பன் முட்டாள் அல்ல. முட்டாள் என்றால் மன்னித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். திரும்பிவந்து கீழ்நாட்டில் சில வருடம் வேலை செய்தார், பதிவு பெற்ற பொறியாளர் ஆனார், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் வேலையை விட்டுவிட்டு மலைக்கே வந்து சேர்ந்தார். தானா ராத்தாவில் சாகுல் ஹமீதின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ் திறந்தார். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, முருகன் படம், மைப்பெட்டி, ஒரு ரப்பர் முத்திரை. வரைபலகை கிடையாது. வரைபலகை இருந்தால், இவர் ஏதோ வேலை செய்கிறவர் என்று யாராவது நினைத்துவிடக்கூடும்.

அந்த ரப்பர் முத்திரைக்கு ஜனங்கள் வாயில் பெயர் சாப்பு. மலையில் யார் என்ன கட்டினாலும் பிளானில் ஒரு பொறியாளரின் கையெழுத்தும் சாப்பும் இருக்க வேண்டும் என்பது சட்டம். பிளானை வேறொருவர் வரைந்திருக்கலாம், தவறில்லை. ஆனால் பொறியாளர் அதைச் சரிபார்த்து, இடத்தைப் பார்த்து, ‘இது நிற்கும், நான் பொறுப்பு’ என்று தம் பெயரால் சொல்வதுதான் சாப்பின் பொருள். சாப்பு விழுந்த பிளானை அரசாங்க ஆபீஸில் மறுபடி குடைய மாட்டார்கள். படித்த மனிதர் பார்த்திருக்கிறார் என்று நம்புவார்கள். நம்பிக்கை என்பது எவ்வளவு உயர்ந்த விஷயம்! வேலப்பன் அதை வைத்துத்தான் சாப்பிட்டார்.

அவருடைய கட்டண முறை மிக நேர்மையானது. கட்டடம் எவ்வளவு பெரியது, எவ்வளவு உயரம், மேட்டிலா பள்ளத்திலா என்றெல்லாம் கேட்டு ஆளைத் தொந்தரவு செய்ய மாட்டார். வந்தவர் எதில் வந்தார் என்று மட்டும் பார்ப்பார். பஸ்ஸில் வந்தவருக்கு ஒரு விலை, மோட்டார் சைக்கிளில் வந்தவருக்கு அதற்கு மேல், லோரிக்காரருக்கு அதற்கும் மேல், காடியில், அதாவது காரில், வந்தவருக்கு மனசுக்குத் தோன்றியது. இது மலை முழுக்கத் தெரிந்துபோனதால், கோலா தெர்லாவில் முட்டைக்கோசு போடும் ராஜு, தம் லோரியை ஆஸ்பத்திரிப் பக்கம் நிறுத்திவிட்டுப் பிளானைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்து வந்தார்.

“எதுல வந்தீங்க ராஜு?”

“பஸ்ஸுலதாங்க சார்.”

“சட்டையில டீசல் வாசம் தூக்குதே. பஸ்ஸ நீங்கதான் ஓட்டிட்டு வந்தீங்களா?”

ராஜு லோரி விலையைக் கொடுத்தார். கட்டடம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவ்வளவு கூர்மையாகக் கவனிக்கும் கண் வேலப்பனுக்கு.

ஒழுக்க விஷயத்திலும் அவர் கறாரானவர். சுருட்டி வந்த பிளானை முழுக்கப் பிரிக்க மாட்டார். பிரித்தால் வரைந்தவரைச் சந்தேகப்பட்டதாகிவிடும். கீழ்மூலையைச் சாப்பு விழும் அகலத்துக்கு மட்டும் விரிப்பார், ஓங்கிக் குத்துவார், கையெழுத்திடுவார், ஊதிக் காயவைப்பார். அந்த ஊதுவதில் மட்டும் அவசரம் காட்ட மாட்டார். வாங்கின காசுக்கு ஏதாவது செய்தாக வேண்டுமே.

பிளான்களை வரைந்தவர் பெரும்பாலும் சிவசாமி. தேயிலைத் தொழிற்சாலை ஸ்டோரில் வேலை பார்த்து, யாரோ வரைவதைப் பார்த்துப் பார்த்துப் பழகி, தானா ராத்தாவில் தனியாகப் பிளான் போட உட்கார்ந்தவர். கோடு நேராக விழும். எழுத்து முத்து முத்தாக இருக்கும். அவருக்கே சில சமயம் மனசு உறுத்தும்.

“சார், ஒரு தடவ விரிச்சுப் பாத்துடுங்களேன்.”

“ஏன், தப்பா போட்டிருக்கியா?”

“இல்லங்க சார்.”

“அப்ப எதுக்குப் பாக்கணும்?”

“ஒருவேள தப்பா இருந்துட்டா...”

“தப்பா இருந்து நான் பாத்துட்டேன்னு வச்சுக்க. இப்ப ஒனக்கு மட்டுந்தான் தெரியாது. அப்ப எனக்குத் தெரிஞ்சுபோயிடும். அது நல்லதா?”

சிவசாமி யோசித்துப் பார்த்தார். நல்லதில்லை என்றுதான் பட்டது.

சிவசாமி கையில் தடுப்புச் சுவருக்கு ஒரே ஒரு படம்தான் இருந்தது. ஈப்போ பக்கம் ஏதோ ஒரு கோயிலுக்கு, ஆடு மாடு நுழையாமல் இருக்கப் போட்ட மதிலின் படம். சமதரையில் நிற்கும் மெல்லிய செங்கல் சுவர். மலையில் யார் சரிவை வெட்டி வீடு கட்டினாலும் பின்னால் ஒரு சுவர் வேண்டும். சிவசாமி அந்த மதிலையே மேலே தாள் வைத்து வரைந்து, ‘தடுப்புச் சுவர்’ என்று முத்து முத்தாக எழுதிவிடுவார். ஆட்டைத் தடுப்பதற்காகப் பிறந்த சுவர், மலையைத் தடுக்கும் உத்தியோகத்துக்கு இப்படித்தான் உயர்த்தப்பட்டது. கோலா தெர்லாவிலிருந்து கம்போங் ராஜா வரை அது எத்தனை வீட்டுக்குப் பின்னால் நின்றது என்று சிவசாமிக்கும் கணக்கில்லை. வேலப்பனுக்கு அப்படி ஒரு சுவர் இருப்பதே தெரியாது.

எண்பத்து மூன்றில் அம்மாக்கண்ணு வந்தார்.

அம்மாக்கண்ணு முன்பு கொழுந்து பறித்தவர். கூடையை இறக்கிவைத்துவிட்டுக் காய்கறி வாங்கி விற்று, பிறகு சாமந்திப் பூவுக்கு மாறி, கோலாலம்பூருக்கு லோரியில் பூ அனுப்பும் அளவுக்கு வந்திருந்தார். கம்போங் ராஜாவில், தேயிலைச் சரிவுக்குக் கீழே, சரிவைக் கொஞ்சம் வெட்டிப் பூ கட்டும் கொட்டகை போட நினைத்தார். இதுவரை சேர்த்தது, கடன் வாங்கியது எல்லாம் அந்தக் கொட்டகையில் போகப்போகிறது. அதைவிட, மகள் சரோஜாவும் மற்றப் பெண்களும் நாள் முழுக்க அதில் உட்கார்ந்துதான் பூ கட்ட வேண்டும். சரோஜாவின் கைக்குழந்தைக்குத் தூளி கட்டுவதும் அங்கேதான். அத்தனை பேருக்கும் முதுகுக்குப் பின்னால் மலை. நடுவில் ஒரு சுவர்.

சிவசாமி போட்ட பிளானை எடுத்துக்கொண்டு அம்மாக்கண்ணு மாடியேறினார். வேலப்பன் விலையைச் சொன்னார்.

“என்னங்கய்யா இது லோரி வெலயா இருக்கு? நான் பஸ்ஸுல வந்தேன்.”

“பூ எதுல போவுது?”

“பூ லோரில போவுது. பூவுக்கா சாப்பு குத்தப் போறீங்க?”

வேலப்பன் மைப்பெட்டியைத் திறந்தார். கீழ்மூலையை விரித்தார். டொக்கென்று குத்தினார்.

“எப்பங்கய்யா எடத்தப் பாக்க வரீங்க?”

“எந்த எடம்?”

“கொட்டா கட்டப்போற எடம். பின்னாடி மல நிக்குது. சுவரு தாங்குமான்னு நீங்கதான சொல்லணும்?”

“சொல்லிட்டேனேம்மா.” ஈரம் காயாத சாப்பைக் காட்டினார்.

“பாக்காம எப்படிங்க சொல்றீங்க?”

“டாக்டரு என்ன, ஒன் வயித்தக் கிழிச்சுப் பாத்தா மருந்து எழுதறாரு?”

“நாக்க நீட்டுன்னாவது சொல்றாரு லா.”

கீழே கடையிலிருந்து யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. வேலப்பன் குரலைக் கனமாக்கிக்கொண்டார். “நேர்ல வரணும்னா தனிச் செலவு. மூணு மடங்கு ஆவும்.”

“வந்து பாத்து, சுவரு சரியில்லேன்னா?”

“சரியில்லேன்னா வேற பிளான் போடணும். சிவசாமிக்குத் தனிக் காசு, எனக்குத் தனிக் காசு, கொத்தனாருக்கு இன்னும் கூட. நல்லா யோசிச்சுக்க. நான் பாக்காத வரைக்கும் ஒனக்கு மிச்சம்.”

“அப்ப இப்பக் குடுக்கற காசு எதுக்குங்கய்யா?”

“பொறுப்புக்கு.”

“யாரு பொறுப்பு?”

“நாந்தான்.”

“பாக்காத பொருளுக்கா?”

“இதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம். ஒனக்கு வெளங்காது.”

விளங்காமல் இல்லை. காய்கறி வியாபாரத்தில் மலையில் ஒரு பழக்கம் உண்டு. தோட்டக்காரர் கூடை கூடையாகத் தக்காளியை இறக்கிவைத்தால், வாங்க வந்தவர் அதில் ஏதாவது ஒரு கூடையைச் சாக்கில் அப்படியே கவிழ்ப்பார். மேலே பளபளவென்று இருப்பது எல்லோருக்கும் தெரியும். அடியில் என்ன கிடக்கிறது என்பதுதான் கேள்வி. கவிழ்த்ததற்காகத் தோட்டக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அந்தச் சரக்கை யாரும் தொட மாட்டார்கள். அம்மாக்கண்ணு பல வருடம் கவிழ்த்து வாங்கியவர், கவிழ்க்க விட்டு விற்றவர். வேலப்பனின் சாப்பை எந்தப் பக்கம் பிடித்துக் கவிழ்ப்பது என்றுதான் அவருக்குப் புரியவில்லை.

வேறு பொறியாளர் வேண்டுமென்றால் ஈப்போவுக்கு இறங்க வேண்டும். கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. காசைக் கொடுத்துவிட்டு வந்தார்.

கொட்டகை எழும்பியது. பின்னால் சுவரும் எழும்பியது, சிவசாமி வரைந்தபடி அச்சு அசலாக. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, பக்கத்தில் கணக்கு வழக்குக்கென்று ஒரு சிறிய அறை. அம்மாக்கண்ணு தினமும் காலையில் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சுவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் படித்த சுவர்.

அடுத்த வருடம், ஊரெல்லாம் ‘நானா’ என்று கூப்பிடும் சாகுல் ஹமீது மாடி வாடகையை ஏற்றினார்.

“என்னா நானா, கூர ஒழுகுது, பலக ஆடுது. மேல வந்து ஒரு தடவயாவது பாத்தீங்களா? பாக்காம எப்படி வாடக ஏத்தறீங்க?” என்று வேலப்பன் கடையில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

சாகுல் ஹமீது தே ஆற்றிக்கொண்டே சொன்னார்: “நீங்க மேல உக்காந்து செய்யிறதத்தானே சார் நான் கீழ உக்காந்து செய்யிறேன்.”

கடையில் வெடித்த சிரிப்பில் ஒன்று அம்மாக்கண்ணுவுடையது. வாராவாரம் தானா ராத்தா கடைகளுக்குப் பூ போட வருபவர், அன்றைக்கு ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தார். சிரித்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வேலப்பனின் மேஜைக்கு வந்தார்.

“ஐயா, கம்போங் ராஜாவுல எங்க கொட்டாப் பக்கத்துல ஒரு ரூம்பு சும்மா கெடக்கு. வந்து உக்காந்துக்கங்க. வாடக வேணாம்.”

“வேணாமா?”

“பெரிய படிப்பு படிச்சவங்க உக்காந்தா எடத்துக்கே ஒரு மருவாதி. ஒங்களத் தேடி வர்றவங்களும் பாதிப் பேரு கோலா தெர்லா, கம்போங் ராஜா ஆளுங்கதான?”

“எத்தன மாசத்துக்கு வாடக வேணாம்?”

“நீங்க இருக்கற வரைக்கும்.”

அது தாம் சாப்பு குத்திய கட்டடம் என்பது அந்த நிமிடத்தில் அவர் நினைவுக்கு வந்ததா என்று பிற்காலத்தில் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். வந்தே இருக்கும். ஆனால் அவருடைய தொழில்முறையில் சாப்பு வேறு, கட்டடம் வேறு. ஒன்று தாளில் இருப்பது, மற்றது எங்கோ இருப்பது. அத்துடன் ‘வாடகை வேணாம்’ என்ற சொல் காதுக்குள் போய் உட்கார்ந்த பிறகு, வேறு எதற்கும் அங்கே இடமில்லை. தான் குத்திய சாப்புக்குக் கீழே தானே குடிபோகும் தவறை உலகத்தில் வேறெந்த வஞ்சகனும் செய்திருக்க மாட்டான். வஞ்சகனுக்குத் தான் செய்தது தெரியும். வேலப்பன் அவ்வளவு கெட்டவர் அல்லர்.

அவர் சாமான் எடுக்க மாடியேறியதும் சாகுல் ஹமீது குரலைத் தாழ்த்தினார். “என்னாக்கா, வெளங்காத ஆள எதுக்கு வூட்டோட கூட்டிட்டுப் போறீங்க?”

“எடத்த வந்து பாக்கச் சொன்னேன் நானா. மூணு மடங்கு காசு கேட்டாரு. குடியிருக்க வந்தா காசு கேக்க மாட்டாருல்ல?”

சாகுல் ஹமீது தே குவளையைக் கீழே வைத்துவிட்டு அம்மாக்கண்ணுவை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். அன்றைக்குச் சாப்பாட்டுக்குக் காசு வாங்கவில்லை.

மேஜையும் நாற்காலியும் முருகனும் பூ லோரியில் ஏறிக் கம்போங் ராஜாவுக்கு வந்தார்கள். அறையில் பின்பக்கம் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கை எட்டும் தூரத்தில் அந்தச் சுவர். வேலப்பன் நாற்காலியை வாசலைப் பார்த்துப் போட்டுக்கொண்டார், வருகிறவர் எதில் வருகிறார் என்று தெரிய. ஆக, சுவர் முதுகுப் பக்கம் போய்விட்டது. சரோஜாவும் மற்றப் பெண்களும் பக்கத்தில் பூ கட்ட, குழந்தை தூளியில் தூங்க, பொறியாளர் டொக் டொக்கென்று குத்த, நாட்கள் இன்பமாகக் கழிந்தன. கட்டணத்தைக்கூடச் சற்று உயர்த்தினார். மலைச் சரிவை ஒட்டி ஆபீஸ் வைத்திருப்பவர் என்பதால் அனுபவம் கூடியிருக்கும் என்று ஜனங்களும் கொடுத்தார்கள்.

நவம்பர் மழை வந்தது.

கேமரன் மலை மழைக்கு அவசரம் கிடையாது. குளிரக் குளிர, விடாமல், கடன்காரன் வாசலில் உட்கார்ந்ததுபோல் பெய்யும். சரிவு தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது. குடித்த தண்ணீர் வெளியே வடிய சுவரில் ஒரு துளைகூட இல்லை. ஆட்டுக்குப் போட்ட மதிலுக்குத் துளை எதற்கு?

ஒரு நாள் காலையில் வேலப்பன் காற்றுக்காகப் பின்ஜன்னலைத் தள்ளினார். அது திறக்கவில்லை. முந்தின நாள் திறந்த ஜன்னல். அழுத்தித் தள்ளினார். வெளியே எதிலோ முட்டியது. கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார்.

சுவர் வந்திருந்தது. கை எட்டும் தூரத்தில் நின்ற சுவர், நிறைமாதக்காரி போல் வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஜன்னலோடு வந்து நின்றது. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. வெடிப்பிலிருந்து செம்மண் தண்ணீர் கசிந்தது.

வேலப்பன் கொட்டகைக்குள் பாய்ந்தார். “எல்லாம் வெளிய போங்க! சரோஜா, புள்ளயத் தூக்கு! மொதல்ல புள்ளயத் தூக்கு!”

பெண்கள் பூவைப் போட்டுவிட்டு முன்வாசலுக்கு ஓடினார்கள். சாப்பு குத்த வந்து காத்திருந்த ராஜுவும் இன்னும் இரண்டு தோட்டக்காரர்களும் அவர்களோடு மழையில் நின்றார்கள். வேலப்பன் சுவர்ப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

“இது என்னா சுவரு? மல தாங்கற சுவரா இது? அடியில கனமில்ல, தண்ணி போக ஓட்ட இல்ல, ஆட்டுப் பட்டிக்கு வக்கிற சுவரு! எந்த மடப்பய இதுக்குச் சரின்னு சொன்னான்?”

அம்மாக்கண்ணு பேரனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். “நீங்கதாங்கய்யா” என்றார்.



இந்த இடத்தில்தான் இந்த மகான் மீது நமக்கு உண்மையான வெறுப்பு வர வேண்டும். அவருக்குத் தெரியாமல் இல்லை. ஒரே ஒரு பார்வை போதுமாக இருந்தது. அடியில் கனமில்லை, துளையில்லை, ஆட்டுச் சுவர். சிவசாமி எங்கிருந்து சுட்டார் என்பது வரைக்கும் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஒரு பார்வையைத்தான் அவர் மூன்று மடங்கு விலைக்கு வைத்திருந்தார். அதை இவ்வளவு நாளும் எந்தத் தாளுக்கும் கொடுக்கவில்லை.

“நான் தாளுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன். சுவரு சிவசாமி சுவரு” என்றார் கடைசியில்.

“சிவசாமிக்கும் காசு குடுத்தேன். அவரு கோடு போட்டாரு. நீங்க என்னா போட்டீங்க?”

வேலப்பன் அறைக்குள் போய் முருகனைக் கழற்றினார். மைப்பெட்டியை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார். அம்மாக்கண்ணு தடுக்கவில்லை; வழிவிட்டு நின்றார்.

“போறதுன்னா போங்கய்யா. ஆனா எதுக்குப் போயிட்டாருன்னு ஆளுங்க கேப்பாங்க. என்னா சொல்லட்டும்? அவரு சாப்பு குத்துன சுவருக்குக் கீழ அவரே உக்கார மாட்டேன்னுட்டாருன்னு சொல்லட்டுமா?”

ராஜு முன்னால் வந்தார். “சார், எங்க வூட்டுக்குப் பின்னாடியும் இதே சுவருதான நிக்குது?”

மற்ற இருவரும் கையிலிருந்த பிளான் சுருளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். தக்காளிக் கூடையைப் பார்க்கிற பார்வை.

வேலப்பனுக்கு விஷயம் புரிந்தது. போனால் தொழில் விழும். இருந்தால் சுவர் விழும். படித்த மூளை எவ்வளவோ கணக்குப் போட்டது; இரண்டும் விழாமலிருக்க ஒரே வழிதான் வந்தது. அந்த வழி சட்டத்தில் முதலிலேயே எழுதியிருந்தது: பார்ப்பது.

முருகனை மேஜைமேல் வைத்தார். “மண்வெட்டி இருக்கா?” என்றார்.

கிராணி மகன் அன்றைக்குத்தான் முதன்முறையாகத் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தேயிலைச் சரிவில் ஏறினார். ராஜுவும் மற்றவர்களும் அவர் காட்டிய இடத்தில் வெட்டினார்கள். மேலேயிருந்து வரும் தண்ணீரை வாய்க்காலாகப் பக்கத்து ஓடைக்குத் திருப்பினார்கள். வேலப்பன் வழுக்கி விழுந்து, உட்கார்ந்தபடியே கொஞ்ச தூரம் இறங்கி, மறுபடி ஏறினார். பூ கட்டுவதை முன்வாசலில் பந்தல் போட்டு வைத்துக்கொள்ளச் சொன்னார். கொட்டகைக்குள் யாரும் கால்வைக்கக் கூடாது என்று கயிறு கட்டினார்.

மறுநாள் மத்தியானம் சுவர் விழுந்தது. பின்பக்கத் தகரத்தை மடக்கிக்கொண்டு, பூ வாளிகளையும் வேலப்பனின் நாற்காலியையும் மூடிக்கொண்டு மண் உள்ளே வந்தது. தூளி கட்டியிருந்த கம்பம் இருந்த இடம் தெரியவில்லை. முன்வாசலில் சரோஜா குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். அம்மாக்கண்ணு கட்டியிருந்த சாமந்திக் கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

சிவசாமியை வரவழைத்தார்கள். வேலப்பன் அவர் கொண்டுவந்த சுருளை முழுக்க விரித்தார். சிவசாமியின் பிளானை விரித்து அவர் பார்த்தது அதுவே முதல் தடவை. அது எவ்வளவு நீளமாக இருக்கும் என்று தெரியாததால் மேஜை போதவில்லை.

“எப்படியிருக்குங்க சார்?” என்று கேட்டார் சிவசாமி, ஆவலோடு. பாவம், அவர் கோட்டை யாராவது பார்க்க வேண்டுமென்று எவ்வளவு வருட ஆசை.

“எழுத்து நல்லா இருக்கு” என்றார் வேலப்பன்.

பிறகு உட்கார்ந்து போட்டார். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த புத்தகங்களைப் பூச்சி தட்டி எடுத்து, சரிவை அளந்து, மண்ணைக் கையில் பிசைந்து பார்த்து, அடி அகன்ற கருங்கல் சுவர் ஒன்றுக்குக் கணக்குப் போட்டார். தண்ணீர் வடிய வரிசையாகத் துளைகள் வைத்தார். நல்ல சுவர். அதைச் சொல்ல எரிச்சலாகத்தான் இருக்கிறது.

செலவுக் கணக்கு வந்தபோது வேலப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “புது பிளான், நேர்ல பாத்தது, கல்லு, சிமெண்டு...”

“நான் சாப்புக்குக் காசு குடுத்துட்டேன் ஐயா” என்றார் அம்மாக்கண்ணு. “சரக்கு இப்பத்தான் வந்து எறங்குது.”

கல்லும் சிமெண்டும் பொறியாளர் கணக்கில் வந்தன. கொத்தனார் கூலியும் சாப்பாடும் அம்மாக்கண்ணு கணக்கில். சிவசாமி வரைகூலி கேட்டார். இருவரும் சேர்ந்து அவரைத் திட்டினார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு எழவில்லை.

இத்துடன் வேலப்பன் திருந்தினார் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. சுவர் விழுந்த செய்தி மலை முழுக்கப் பரவியது. எப்படிப் பரவியது என்றால், ‘ஒரே பார்வையில் கண்டுபிடித்துப் பிள்ளைகுட்டிகளைக் காப்பாற்றிய இஞ்சினியர்’ என்று பரவியது. யார் சாப்பு குத்திய சுவர் என்ற பகுதி கம்போங் ராஜாவைத் தாண்டவில்லை. அவரைத் தேடி வருகிறவர்கள் அதிகமானார்கள். அவரும் வெட்கமில்லாமல் விலையை ஏற்றினார். இப்போது வெளிப்படையாகவே இரண்டு விலை: பார்க்காமல் குத்துவதற்கு ஒன்று, நேரில் வந்து பார்த்துக் குத்துவதற்கு மூன்று மடங்கு.

“மூணு மடங்கா?” என்று ராஜு தலையைச் சொறிந்தார். அவர் வீட்டுக்குப் பின்னால் ஆட்டுச் சுவர் நின்றுகொண்டிருந்தது. விழுந்த சுவரை இரண்டு கண்ணாலும் பார்த்தவர், மண்வெட்டி பிடித்தவர். “சரி சார், இந்தத் தடவ கோசு வெல எறங்கிடுச்சு. அடுத்த வருசம் பாப்பம் லா.”

அடுத்த வருடமும் கோசு விலை இறங்கித்தான் இருந்தது. மற்றவர்களும் பெரும்பாலும் பழைய விலையையே கேட்டு வாங்கினார்கள். வேலப்பன் அவர்களை வற்புறுத்தவில்லை. வாடிக்கையாளரின் விருப்பத்தில் தலையிடுவது தொழில் தர்மம் அல்ல. ஒரு பக்கம் பார்த்தால் அயோக்கியத்தனம் அவருடையது மட்டும் என்று சொல்ல முடியாது. விலை மலிவாகக் கிடைத்தால் அயோக்கியத்தனத்தை வரிசையில் நின்று வாங்குகிற ஜனங்கள் நாம்.

ஆனால் அம்மாக்கண்ணு கொட்டகையின் சுவர் விஷயம் தனி. தினமும் காலையில் ஆபீஸ் திறக்குமுன் வேலப்பன் பின்பக்கம் போவார். துளை ஒவ்வொன்றிலும் குச்சியை விட்டுக் குத்திச் சேற்றை எடுப்பார். மேல் வாய்க்காலில் இலை அடைத்திருந்தால் அள்ளிப் போடுவார். கல்லில் கைவைத்து நிற்பார். பிறகு முன்பக்கம் வந்து உட்கார்ந்து, அடுத்தவர் சுவருக்கு மூலையை மட்டும் விரித்து டொக்கென்று குத்துவார். இரண்டையும் ஒரே கைதான் செய்தது.

எண்பத்தாறு வாக்கில் அவருக்குத் தானா ராத்தா நினைவு வந்துவிட்டது. அங்கே ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தது; சாகுல் ஹமீதும் வாடகையைக் குறைக்கத் தயாராக இருந்தார். கிளம்புகிறேன் என்று அம்மாக்கண்ணுவிடம் சொன்னார். சரோஜாவின் குழந்தை அப்போது ஓடியாடும் வயதுக்கு வந்து, சுவருக்கும் கொட்டகைக்கும் நடுவே கல் பொறுக்கிக்கொண்டிருந்தது.

அம்மாக்கண்ணு பூக்கட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: “சுவருல ஏதும் கோளாறு பாத்தீங்களாய்யா?”

“கோளாறா? மலயே நகந்தாலும் அது நகராது.”

“அப்ப எதுக்குப் போறீங்க?”

வேலப்பன் வாசல் பக்கம் திரும்பினார். வெளியே ஒரு லோரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அதிலிருந்து ஒருவர் பிளான் சுருளோடு இறங்கி, பஸ்ஸில் வந்தவர்போல் நடக்கத் தொடங்கினார்.

“இன்னும் ஒரு மழ இருந்துட்டுப் போங்கய்யா” என்றார் அம்மாக்கண்ணு.

அவர் இருந்தார். ஒவ்வொரு வருடமும் மழை முடிந்ததும் பெட்டியைக் கட்டுவார். அம்மாக்கண்ணு ஒவ்வொரு வருடமும் இன்னும் ஒரு மழை கேட்பார். வாடகை மட்டும் கடைசிவரை வாங்கவில்லை.